பீரங்கி மாமாவின் ரத்த வகை

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் அன்றைக்கே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ உயிரியல் படிப்பாய் என்று சொன்னேன், படிக்கிறாய். உங்கள் பேராசிரியை குடும்பத்தையே கணக்கெடுத்து வரச் சொல்வார் என்று சொன்னேன், சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு என்னிடம் வந்து நிற்காமல் முடியாது என்றும் சொன்னேன். இதோ, உன் கடிதம் ஸ்டோர் ரூம் மேஜைமேல் போல்ட் பெட்டிக்கு அடியில் படபடத்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் நான் சொன்னதாக உனக்கு நினைவில்லை என்றால் அது என் குற்றமில்லை. அப்போது உனக்கு வயது மூன்று.

நீ கேட்ட விவரங்கள் கீழே.

காது மடல்: தொங்குகிறது. ஆனால் கம்பீரமாகத் தொங்குகிறது. கன்னக்குழி: இடது பக்கம் ஒன்று. வலது பக்கத்துக் குழி நான் மனசாரச் சிரித்தால் மட்டும் வரும், இங்கே தலைமை இன்ஜினியர் ஒருமுறை பார்த்திருக்கிறார். நாக்கைச் சுருட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். இந்தப் பாலம் கட்டுகிற நானூறு பேரில் என் நாக்கைச் சுருட்டி வைக்கக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை.

ரத்த வகை: ஏ.பி. பேனாவை அழுத்தி எழுது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் ஒற்றை எழுத்து, எனக்கு இரட்டை. உன் அப்பா பி.ஏ. பட்டம் வாங்கக் கண் எரிய எரியப் படித்தார். நான் ஏ.பி.யோடு பிறந்தேன். எழுத்து அதேதான், நின்ற வரிசைதான் வேறு.

நீ பிறந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் உன் நோட்டுப் புத்தகத்துக்காக மறுபடி சொல்கிறேன். உன் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் ஓடி வந்து, "ரத்தம் வேணும், சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்துகிறார். உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கிறார். நான் சட்டைக் கையை மடித்தேன். "எடுத்துக்கங்க சிஸ்டர், அளவு கேக்காதீங்க" என்றேன். இரண்டு பாட்டில். மூன்றாவதற்கும் கையை நீட்டினேன், டாக்டர்தான் என் காலில் விழாத குறையாகத் தடுத்தார். இன்றைக்கு உன் அம்மா நடமாடுவது யாருடைய ரத்தத்தில் என்று உங்கள் பேராசிரியைக்குத் தெரியட்டும்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, மார்ச் 12 ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறாய். பயப்பட வேண்டாம் என்று சொல். ரத்தம் வேண்டுமென்றால் பீரங்கி இருக்கிறான்.

உன் தாய்மாமன்,
ஸ்டோர் இன்சார்ஜ் (பாலம் என் கையில்தான் என்றும் சொல்லலாம்)

---

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக வந்து எழுதுகிறேன், விரலில் குத்திய இடம் இன்னும் விண்விண் என்கிறது.

முதலில் நல்ல சேதி. நானும் ஏ.பி.! ஏ-க்கான மருந்து, பி-க்கான மருந்து என்று வைத்திருந்த இரண்டு கிண்ணத்திலும் என் ரத்தத்துளி திரிந்தபோது வகுப்பே திரும்பிப் பார்க்கக் குதித்தேன். "மாமா மாதிரி, மாமா மாதிரி" என்று கத்தினேன். அம்மாவுக்கு நீங்கள் கொடுத்த ரத்தம்தான் எனக்குள் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பேராசிரியை சிரித்துவிட்டார். "ஏத்தின ரத்தம் சில மாசத்துல இருந்த இடம் தெரியாம போயிடும்மா. உனக்கு வந்தது பாட்டில்ல இருந்து இல்ல, பெத்தவங்ககிட்ட இருந்து" என்றார்.

விஷயம் இவ்வளவுதான் மாமா. ஒவ்வொருவருக்குள்ளும் ரத்த வகைக்கு இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. நமக்குப் பிள்ளை பிறந்தால் நம் இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் கொடுப்போம், எது என்று நம்மைக் கேட்டு நடப்பதில்லை. ஏ சீட்டும் பி சீட்டும் வாய் உள்ளவை, இருந்தால் சொல்லிவிடும். அதுதான் ஓங்கு பண்பு. ஓ சீட்டு வாய் திறக்காது, அது ஒடுங்கு பண்பு. பக்கத்தில் ஏ இருந்தால் ஆள் ஏ என்றே தெரியும், ஓ பேசாமல் ஒளிந்திருக்கும். இரண்டும் ஓ ஆனால்தான் ஆள் ஓ. அப்பா ஏ, அம்மா பி. ஆளுக்கொன்றாக வாங்கி நான் ஏ.பி. அழகாக இல்லை? பட்டாணிச் செடியில் பச்சை விதை ஒரு தலைமுறை காணாமல் போய் அடுத்த தலைமுறையில் வந்து நிற்பதும் இதே கணக்குதான். காது மடலையும் நாக்கையும் வைத்து இப்படித் தீர்த்துச் சொல்ல முடியாதாம். ரத்த வகை மட்டும் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிடுமாம்.

பிடித்துக் கொடுத்தது, மாமா. அதுதான் இரண்டாவது சேதி.

தாத்தாவின் தீயணைப்பு நிலைய அடையாள அட்டை பீரோவில் இருந்தது. ரத்த வகை: ஓ. அப்படியென்றால் தாத்தாவிடம் இருந்தது இரண்டுமே ஓ சீட்டு. அவர் பெற்ற பிள்ளை யாராக இருந்தாலும் ஒரு ஓ-வைக் கட்டாயம் வாங்கியிருக்க வேண்டும். அம்மா வாங்கியிருக்கிறாள், அவளுக்கு அவர் தந்த ஓ, பி-க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஏ.பி.யில் ஓ-வுக்கு இடமே இல்லை. தாத்தாவுக்கு ஏ.பி. பிள்ளை பிறக்க முடியாது.

கரும்பலகையில் நானே படம் வரைந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். தாத்தாவின் கட்டத்திலிருந்து உங்கள் கட்டத்துக்குக் கோடு இழுத்தபோது பேராசிரியை, "அந்தக் கோட்டை அழிச்சிடும்மா" என்றார். சத்தம் குறைவாகத்தான் சொன்னார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

நான் செய்த தப்பு, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைத் துள்ளிக்கொண்டு சொன்னது. அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை.

மாமா, உங்களுக்கு எங்கே, எப்போது ரத்தம் பார்த்தார்கள்? உடனே எழுதுங்கள்.

உங்கள்
சுண்டெலி

---

பிப்ரவரி 14

சுண்டெலி! என் தங்கமே! என் வம்சத்தைக் கண்டுபிடித்தவளே!

இதையும் நான் சொன்னேன். எட்டு வயதில் கண்ணாடி முன் நின்று, "டேய், நீ இந்த வீட்டு ஆளு இல்லடா" என்று என்னிடமே சொன்னேன். சாட்சிக்குக் கண்ணாடி இருந்தது, பிறகு உடைந்துவிட்டது.

யோசித்துப் பார். உன் தாத்தா ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு வார்த்தை பேசுவார். அதில் இரண்டு "சரி". தண்ணீர் வாளிக்குப் பீரங்கி பிறக்குமா? அவர் எரிகிற வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, கையைக் கழுவிச் சாப்பிட உட்காருவார். எனக்குத் தைரியம் மலையளவு உண்டு, ஆனாலும் சில சின்ன விஷயங்கள் ஆகாது. அது என்ன என்பது இங்கே முக்கியமில்லை. ஆக, நீ சொல்கிற சீட்டு மாறித்தான் வந்திருக்கிறது.

என் ஊகம் இதுதான். நான் பிறந்த அன்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கப்பல் கேப்டனின் மனைவியும் பிரசவத்துக்கு வந்திருக்கிறார். வெளியே புயல். விளக்கு அணைகிறது. தொட்டில் மாறுகிறது. விளக்கு வருகிறது. முடிந்தது கதை! என் மூக்கைப் பார்த்தாலே கடல்காற்று தெரியும். தலைமை இன்ஜினியரிடம் சொன்னேன். "நானும் நெனச்சேன்யா, ஸ்டோர்ல ஒரு ஆணி கேட்டா அரசாணை மாதிரில்ல குடுக்கிற" என்றார். சமையல்காரர் எனக்கு முதல் தட்டு வைக்கிறார். கிரேன் ஓட்டுபவன் மட்டும், "கேப்டன் மகனே, லாரி வந்து நிக்குது, எறங்கி வந்து சிமெண்ட் மூட்டைய எண்ணு" என்கிறான். அவன் ஒடுங்கு பண்பு.

எங்கோ ஒரு கப்பல் வீட்டில் என் இடத்தில் ஒருவன் வளர்ந்திருக்கிறான், பாவம், ஆறு வார்த்தை பேசிக்கொண்டு. அவனைத் தேடிப் பிடிக்கப் போகிறேன். அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

அக்காவிடம் சொல், வருத்தப்பட ஒன்றும் இல்லை. பெரிய இடத்துப் பிள்ளை என்று தெரிந்தாலும் நான் வந்து போகத்தான் செய்வேன்.

இப்படிக்கு,
இன்னும் பெயர் தெரியாத ஒரு பெரிய வம்சத்தின் வாரிசு

---

பிப்ரவரி 19

மாமா,

உங்கள் கடிதத்தை நான் படிப்பதற்கு முன் அம்மா படித்துவிட்டாள். உறையின்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்திருக்கிறாள்.

"வந்து போகத்தான் செய்வானாமா? விருந்தாளியா?" என்றாள். அவ்வளவுதான். அப்பா ஏதோ ஜோக் அடித்துப் பார்த்தார். அம்மா எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் அப்படியே எழுதுகிறேன். "அவன் பொறந்த அன்னைக்கு எனக்கு நாலு வயசு. அப்பா டூட்டில. பிரசவ அறை வாசல்ல என்னை ஒரு பெஞ்சில உக்கார வச்சிருந்தாங்க. நர்சம்மா அவனைத் துடைச்சு மொதல்ல என் மடியிலதான் வச்சாங்க. அன்னைக்கு அந்த வார்டுல வேற கொழந்தையே கெடையாது. புயலும் இல்ல ஒண்ணும் இல்ல, நல்ல வெயிலு. என் கால் வேர்த்து பெஞ்சில ஒட்டிக்கிச்சு. இதெல்லாம் பொய்யாடி? உன் சீட்டு பாத்துச்சா, நான் பாத்தேனா?"

கணக்கும் தப்பில்லை. அம்மாவும் பொய் சொல்ல மாட்டாள்.

இப்போது பெரிய பிரச்சினை. ஆபரேஷனுக்கு முன்பு சம்மதக் கையெழுத்து வேண்டும். அம்மா போட மாட்டேன் என்கிறாள். முதலிலிருந்தே அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "என் தம்பி வந்து ரத்தம் குடுக்கணும். அன்னைக்கும் அவன்தானே?" ரத்த வங்கியில் பி வகை தாராளமாக இருக்கிறது என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. இப்போது, "அவனுக்கு இந்த வீடே வேணாமாம், எனக்கு எதுக்கு ஆபரேஷன்" என்கிறாள். கட்டி வளர்ந்துகொண்டே போகிறது. தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இன்னொன்று. நேற்று வகுப்பில் ரத்தம் ஏற்றுவது பற்றிய பாடம். பாதியில் பேனாவை மூடிவிட்டேன். அம்மா பி. பி வகை உடம்புக்கு ஏ அந்நியன். ஏ.பி. ரத்தத்தை ஏற்றினால் உடம்பு அதோடு சண்டை போடும், உயிரே போகலாம். நீங்கள் ஏ.பி.யாக இருந்து அன்று இரண்டு பாட்டில் கொடுத்திருந்தால் அம்மா அன்றே இல்லை.

ஆகவே மாமா, ஏ.பி. என்பது உண்மை என்றால் ரத்தம் கொடுத்தது பொய். ரத்தம் கொடுத்தது உண்மை என்றால் ஏ.பி. பொய். இரண்டும் சேர்ந்து நிற்காது. எதை வைத்துக்கொள்கிறீர்கள்?

சுண்டெலி

---

பிப்ரவரி 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் பாடப் புத்தகம் எந்த வருடத்தில் அச்சடித்தது என்று பார். அந்தக் காலத்து ரத்தம் வேறு. இப்போதுபோல ஜாதிக்கலகம் கிடையாது, ஒன்றோடு ஒன்று அனுசரித்துப் போகும். மேலும் பாசத்தோடு கொடுத்த ரத்தம் சண்டை போடாது. இதை எழுத உங்கள் புத்தகக்காரருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

அல்லது, என் ரத்தத்தில் ஏ பகல் வேளையில் மட்டும் வேலை செய்கிற வகையாக இருக்கலாம். நீ பிறந்தது சாயங்காலம்.

சரி, இதை அடித்துவிடு.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. அவர்கள் ஏட்டில் அன்றைய தேதியில் ஒரே ஒரு பிரசவம்தானாம். கேப்டன் மனைவி யாரும் வரவில்லையாம். ஏட்டில் எழுதாமல் விட்டிருக்கலாம் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அக்காவின் கால் பெஞ்சில் ஒட்டிக்கொண்டது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரி வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. எழுதவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம் நடுத்தூணுக்குக் கான்கிரீட் ஊற்றுகிறோம். நான் இல்லாமல் இந்தத் தூண் நிற்குமா என்பது சந்தேகம். லீவு கிடைப்பது கஷ்டம். அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல். நான் சொன்னேன் என்று சொல். இல்லை, நான் சொன்னேன் என்று சொல்லாதே. ஏதாவது சொல்லிப் போட வை.

மாமா

---

மார்ச் 1

மாமா,

அம்மா கையெழுத்துப் போடவில்லை. சம்மதத் தாள் அலமாரிமேல் இருக்கிறது, அதன்மேல் மூக்குக்கண்ணாடி கவிழ்ந்து கிடக்கிறது.

தூண் உங்களை நம்பி இல்லை. இங்கே ஒருத்தி இருக்கிறாள்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு துளி. விரல் நுனியில் ஒரு குத்து, இரண்டு கிண்ணம், ஐந்து நிமிடம். உங்கள் இடத்தில் முதலுதவி அறை இருக்கிறது, கம்பவுண்டர் இருக்கிறார், முன்பு ஒரு கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன வகை என்று அவர் கையால் எழுதி வாங்கி அனுப்புங்கள். ஏ.பி. என்று வந்தால் வரட்டும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கோடு இல்லாவிட்டால் என்ன, கட்டத்தைப் பக்கத்தில் போட்டால் போயிற்று.

நேற்று அம்மா கேட்டாள்: "அவன் ஊசிக்குப் பயந்து இன்னும் பார்க்காம இருப்பான். சின்ன வயசுல தடுப்பூசி போட வந்தா என் பாவாடைக்குள்ளதான் இருப்பான். இப்ப யாரு பின்னாடி ஒளியிறானோ?"

உண்மையா மாமா?

சுண்டெலி

---

மார்ச் 6

சுண்டெலி! சுண்டெலி! சுண்டெலி!

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை, சந்தோஷம் இடம் கொடுக்கவில்லை.

உண்மைதான். ஊசி எனக்கு ஆகாது. அக்கா இதை உலகத்துக்கே சொல்லியிருக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் நானூறு பேருக்கும் ரத்த வகை எழுதிய அட்டை உண்டு, விபத்து நடந்தால் உதவும் என்று. எனக்கு மட்டும் இல்லை. டாக்டர் வந்த மூன்று தடவையும் எனக்கு ஸ்டோரில் அவசர வேலை.

நேற்று நானே போனேன். சிங்கநடை. கம்பவுண்டர் நாற்காலியைக் காட்டினார். "என்ன பீரங்கி, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார். "பேச்சை வளர்க்காதீங்க, குத்துங்க" என்றேன். அவர் ஊசியை எடுத்தார். அதன் பிறகு நடந்ததை அங்கிருந்த கிரேன் ஓட்டுபவன் வேறு மாதிரி சொல்லுவான், நம்பாதே. நான் விழவில்லை. நாற்காலி சரிந்தது, நான் கூடப் போனேன். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து மறுபடி விரலை நீட்டினேன். இதை எழுதிக்கொள், மறுபடி நீட்டினேன்.

இரண்டு சொட்டு. ஒன்றில் ஏ-க்கான மருந்து, ஒன்றில் பி-க்கானது. கெட்டுப்போன பால் மாதிரி எதில் திரிகிறதோ அதுதான் வகை என்றார். நான் குனிந்து பார்க்கிறேன், கம்பவுண்டர் குனிந்து பார்க்கிறார், கிரேன்காரன் என் தோள்மேல் ஏறிப் பார்க்கிறான். முதல் சொட்டு திரியவில்லை. இரண்டாவது சொட்டும் திரியவில்லை. தட்டை அசைத்தார். ம்ஹூம். செக்கச்செவேல் என்று அப்படியே இருக்கிறது.

"ஓ" என்றார் கம்பவுண்டர்.

"ஓ-ன்னா?" என்றேன்.

"ஓ-ன்னா ஓ-தான்யா. ரெண்டும் இல்ல."

சுண்டெலி, நான் உன் தாத்தாவின் மகன்! அவர் சீட்டு என்னிடம் இருக்கிறது. ஒன்று அவர் தந்தது, ஒன்று என் அம்மா ஒளித்து வைத்திருந்து தந்தது. இந்த ஊரே கேட்கப் பேசுகிற எனக்குள் இரண்டு வாய் திறக்காத சீட்டு! இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? கேப்டனாவது கப்பலாவது. வாளிக்குத்தான் பீரங்கி பிறந்திருக்கிறான். அவர் அட்டையில் போட்டிருந்த அதே எழுத்தை இப்போது என் அட்டையிலும் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். பத்துத் தடவை. சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இதையும் நான் சொன்னேன் என்று எழுத வந்தேன். இதை நான் சொல்லவில்லை. கம்பவுண்டர் எழுதிய சீட்டு இத்துடன்.

இன்னும் கேள். ஓ ரத்தத்தில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, அதனால் பி-க்காரர் உடம்புக்கு அது அந்நியன் இல்லை, தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்கிறார். ஆக, அன்று நான் கொடுத்த இரண்டு பாட்டிலும் கணக்கில் சரியாக உட்காருகிறது பார்! ஏ.பி. என்பது அந்தக் காலத்துக் குமாஸ்தா செய்த எழுத்துப் பிழை. எல்லா முடிச்சும் அவிழ்ந்தது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்தாம் தேதி இங்கிருந்து பஸ் ஏறி, பதினொன்றாம் தேதி காலை அங்கே நிற்பேன். தூண் நின்றால் நிற்கட்டும். அக்காவிடம் சொல்: விருந்தாளி இல்லை, தம்பி வருகிறான்.

மாமா

---

மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மா இன்று வராந்தாவில் பத்து அடி நடந்தாள். தையல் பிரித்தாகிவிட்டது. எடுத்த கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. அப்பா பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் வாசலில் வந்து நின்று வாயே திறக்காமல் உங்கள் அட்டையை அம்மா மடியில் போட்டதும், அவள் தாத்தாவின் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், பார்த்துக்கொண்டே சம்மதத் தாளுக்குக் கையை நீட்டியதும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று நிமிடம் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அப்பா கடிகாரம் பார்த்துச் சொன்னார்.

வகுப்பில் கோட்டை மறுபடி இழுத்துவிட்டேன். பேராசிரியை சாக்பீஸைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் மாமா, ஒன்று கேட்க வேண்டும். ரத்த வங்கியில் நீங்கள் நிரப்பிய படிவத்தை மேஜையில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். படிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, உங்கள் கையெழுத்துப் பெரிசு. "இதற்கு முன் ரத்தம் கொடுத்ததுண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். முதலில் "உண்டு" என்று எழுதி அடித்திருந்தீர்கள்.

உள்ளே நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்த பிடி இன்னும் விரலில் இருக்கிறது. ரத்தம் நிஜமாகவே வந்தது, பை நிறைந்தது, நான் பார்த்தேன். அது அம்மாவுக்கு ஏறியதா, வங்கியில் வேறு யாருக்காவது போனதா என்று கேட்கவில்லை. அது யாருக்குப் போயிருந்தாலும் எனக்குப் பெருமைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் ரத்தம் கொடுத்துவிட்டு அறைக்கு வந்ததும் அம்மா உங்கள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் இல்லையா? மறுநாள் காலையிலும் பார்த்தாள், சிரித்தாள். எதற்கு என்று நேற்று கேட்டேன். "இந்தத் தடவை அதே கையில இருக்கான்னு பார்த்தேன்டி" என்றாள். எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா?

உங்கள்
சுண்டெலி

---

மார்ச் 26

அன்புள்ள சுண்டெலிக்கு,

நடுத்தூண் நிற்கிறது. நான் இல்லாமலே ஊற்றிவிட்டார்கள். நான் வந்து ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகுதான் அது முழுதாக இறுகியது என்று இங்கே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கிரேன்காரனைத் தவிர.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான்கு நாளாகப் படிக்கிறேன். புரிகிறது. அக்காவுக்கு இத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான், "அன்னைக்கும் அவன்தானே" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் என்னை இப்போது வரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். பாவாடைக்குப் பின்னால் இருந்து ஒருவனை வெளியே இழுக்க அவளுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எனக்குத் தப்பிக்க வழி இருக்கிறது என்று உனக்கே தெரியும். ஓ என்று வந்ததும் என் பழைய கதை ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. படிவத்தில் எழுதியதுதான் எழுத்துப் பிழை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தின் கீழே, "தவறான தகவல் நோயாளியின் உயிருக்கு ஆபத்து" என்று போட்டிருந்தது. அதைப் படித்த பிறகு "உண்டு" என்ற வார்த்தை அங்கே நிற்க மாட்டேன் என்றது.

நீ பிறந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். நர்ஸ் கேட்டார். நான் சட்டைக் கையை மடித்தேன், அது உண்மை. வகை பார்க்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், அதுவும் உண்மை. தட்டில் ஊசியைப் பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் ரத்த வகைகளை எழுதி ஒரு படம் மாட்டியிருந்தது. நான்கில் ஒன்றுக்குத்தான் இரண்டு எழுத்து. பார்க்க நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். குமாஸ்தா யாரும் இல்லை. அந்த எழுத்து இப்போது உனக்கு நிஜமாகவே கிடைத்திருக்கிறது, உன் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்று கொடுத்து. உன்னிடம் நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்.

ரத்தம் கொடுத்தவர் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் இயக்குபவர். பி வகை. நர்ஸ் கூப்பிட்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து கொடுத்துவிட்டு, மறுபடி போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். படிக்கட்டில் இருந்து எழுந்து வந்த நான், உன் அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து, டிரேயில் கிடந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்து வலது கையில் ஒட்டிக்கொண்டேன். மறுநாள் எந்தக் கை என்று மறந்துபோய் இடது கையில் ஒட்டினேன். அக்கா படுக்கையில் இருந்தபடி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அதே லிஃப்டில் இறங்கினேன். அவர் கையிலும் பஞ்சு, என் கையிலும் பஞ்சு. அவர் என் கையைப் பார்த்தார். "எந்த மாடி சார்?" என்று மட்டும் கேட்டார்.

உன் படத்தில் அவருக்கும் ஒரு கட்டம் போட முடியுமா என்று உங்கள் பேராசிரியையைக் கேள். கோடு எங்கிருந்தும் வராது, எங்கேயும் போகாது என்று எனக்குத் தெரியும். சும்மா ஓரத்தில் இருக்கட்டும்.

மற்றபடி இத்தனை வருடமாக நான் உனக்குச் சொன்னதெல்லாம் ஏறக்குறைய உண்மை. மூன்றாவது பாட்டிலுக்கு டாக்டர் தடுத்தது மட்டும் நடக்கவில்லை. இரண்டாவது பாட்டிலும் இல்லை. கொடுத்தது ஒரே ஒரு பாட்டில், அதுவும் என்னுடையது இல்லை, கண்ணு.

உன் தாய்மாமன்